நவம்பர் முப்பது வரை

தியாகலிங்கம் காலையில் கண்விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இண்டைக்கு எத்தினை?" என்பதுதான்.

சாந்தா திரைச்சீலையை விலக்கிக்கொண்டே பதில் சொல்வாள். "நூத்தி எண்பத்தாறு, ஐயா."

"அதுவரைக்கும் நான் இருப்பனோ?"

"இருப்பீங்க ஐயா."

"செத்துப்போனா?"

அவள் பல்செட்டைக் கழுவ எடுப்பாள். அவர் பல்லில்லாத வாயைத் திறந்து, தோள் குலுங்கச் சிரிப்பார். சிரித்து முடித்த பிறகுதான் பல்செட்டை வாங்கி மாட்டிக்கொள்வார். ஸ்காபரோவில் வோபர்ன் பக்கத்து ஒற்றைமாடி வீடொன்றில், தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதத்துக் காலைகள் எல்லாம் இப்படித்தான் விடிந்தன.

அந்த நாட்கணக்கு சாந்தாவின் உயிர்க்கணக்கு. திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவுக்கு மேல், நர்சுக்குக் கீழ் என்று ஒரு வேலையில் இருந்தவள். தொண்ணூற்றிநான்கு மார்ச்சில், வீட்டோடு தங்கி நோயாளியையோ குழந்தையையோ பார்க்கிற வேலைக்கென்று கனடா வந்தாள். வந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் இருபத்திநான்கு மாதம் அப்படி வேலை செய்து முடித்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். புருஷன் அழகேசனையும் மகள் ஹரிப்ரியாவையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். முடிக்காவிட்டால் வந்த வழியே போகவேண்டியதுதான். மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் வேலை செய்வது என்ன பெரிய காரியம் என்று புறப்படும்போது எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

முதலில் சேர்ந்த டாக்டர் தம்பதி ஆறாவது மாதம் அமெரிக்காவுக்குக் குடிபோய்விட்டார்கள். அனுமதிப் பத்திரத்தில் அவர்கள் பெயர்தான் இருந்தது. வேறு வீட்டில் வேலை செய்ய வேண்டுமானால் அந்த வீட்டுக்காரர் பெயரில் புதுப் பத்திரம் வரவேண்டும். அது மேற்கே எங்கோ விமானத்தில் நாலு மணிநேரம் போகிற தூரத்தில் இருந்த ஒரு அலுவலகத்திலிருந்து தபாலில் வரும். சாந்தாவும், அவளைப் போலவே வேலை மாறிய கன்னியாகுமரிக்காரி பேபியும் ஒரே நாளில், ஒரே தபால்பெட்டியில் உறைகளைப் போட்டார்கள். பேபிக்குப் பத்தொன்பதாம் நாள் வந்தது. சாந்தாவுக்கு எட்டு மாதம் ஆனது.

ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. வாரம் ஒருமுறை போன் செய்தாள். இயந்திரம் பேசும், பாட்டுப் போடும், நாற்பது நிமிஷம் கழித்து ஒரு மனிதக் குரல் வரும். "உங்கள் ஃபைல் பரிசீலனையில் இருக்கிறது." எப்போது முடியும்? "சொல்ல முடியாது." ஏதாவது பேப்பர் குறைகிறதா? "அப்படி ஒன்றும் இல்லை." அவ்வளவுதான்.

அந்த எட்டு மாதமும் அவள் தியாகலிங்கத்தின் வீட்டில்தான் இருந்தாள். அவருடைய மகள் சாம்பவி விட்பியில் குடும்பத்தோடு இருந்தாள். வங்கியில் நல்ல உத்தியோகம். கிழவர் விட்பிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதமாக வோபர்னிலேயே இருந்துகொண்டார். சாந்தாவை வேலைக்கு வைக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் சாம்பவி.

"பேப்பர் வருமட்டும் இஞ்சையே இரும். வாடகை ஒண்டும் வேண்டாம்," என்றாள் சாம்பவி. "சும்மாதானே இருக்கிறீர், அப்பாவையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளும்."

ஒருக்கா என்பது காலை ஆறு முதல் இரவு பத்து வரை. குளிப்பாட்டினாள், மலம் எடுத்தாள், சமைத்தாள், கால் பிடித்தாள். அனுமதி இல்லாத நாட்கள் ஆதலால் அதில் ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது. வெளியே தெரிந்தால் குற்றம் வேறு. தொண்ணூற்றைந்து ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்துதான் கணக்கு திரும்பத் தொடங்கியது. பதினெட்டு மாதம் பாக்கி. தொண்ணூற்றாறு நவம்பர் முப்பதோடு முடியும்.

தியாகலிங்கத்துக்கு எண்பத்தொரு வயது. கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் பார்க்கிற லிகிதராக இருந்து, தலைமை லிகிதராக ஓய்வு பெற்றவர். சட்டம் படிப்பதைப்போலச் சாந்தாவின் பத்திரத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். படித்து முடித்ததும் அவளுடைய கழுத்தில் கயிறு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சோற்றைத் துப்பினால் அவள் முகம் மாறும். "என்னடி முழிக்கிறாய்? பேர்மிற் இல்லாமல் எட்டு மாசம் வேலை செய்தவள் எண்டு இமிகிரேசனுக்கு ஒரு போன் அடிக்கட்டோ?" அடிக்கடி அடிப்பதும் உண்டு, நம்பரை அழுத்தி, அவள் கதவருகே வந்து நிற்கிறவரை காதில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "மணி என்னெண்டு கேக்க அடிச்சனான்," என்று வைப்பார்.

ஒருநாள் அவளே கேட்டாள். "ஐயா, நீங்க கந்தோர்ல இருந்தவங்க. பேபி ஃபைல் போச்சு, என் ஃபைல் ஏன் போகல? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

கிழவர் உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கு ஒரு காரணம் வேணும், என்ன? ஒரு காரணமும் இல்லை. தேத்தண்ணி வர முந்தி மேலை கிடந்த ஃபைல் போகும். தேத்தண்ணி குடிச்சாப் பிறகு எனக்கு நித்திரை வரும். மிச்சம் கிடக்கும். நாளைக்குப் புது ஃபைல் வந்து அதுக்கு மேலை ஏறும். கீழை கிடக்கிறது கிடந்த கிடைதான்."

"கீழ இருக்குறவங்க?"

"வருவாங்கள். அழுவாங்கள். ஒருத்தன் பெண்சாதிக்குச் சுகமில்லை எண்டு அழுதவன். அழுகிறவன்ரை ஃபைலை நான் இன்னும் கீழை வைப்பன். அழுகை எனக்குப் பிடிக்காது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் பிறகு வரேல்லை," என்றார்.

அன்றிலிருந்து அவர் முன்னால் அழுவதைச் சாந்தா விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட்டில் கிழவருக்குக் கால் வீங்கியது. பிறகு வயிறு. செப்டெம்பர் நடுவில் டொக்டர் அகஸ்ரின் வீட்டுக்கே வந்து பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சாந்தாவை அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"இதயம் முடிஞ்சுது. சுவாசப்பையிலை தண்ணி நிக்குது. வீக்கத்துக்குத் தண்ணி மாத்திரையைக் கூட்டியிருக்கிறன், ஆனா இனி மாறுறதுக்கு ஒண்டும் இல்லை. மூச்சுத் திணறல் வந்தா அம்புலன்சைக் கூப்பிடும், ஆசுப்பத்திரியிலை வலி தெரியாமல் வைச்சிருப்பினம். சாப்பிட மாட்டன் எண்டால் விட்டுவிடும். வற்புறுத்தக் கூடாது, புரைக்கேறிப் போகும். நான் சொன்னதெல்லாத்தையும் சாம்பவியிட்டைச் சொல்லும்."

"எவ்வளவு நாள், டாக்டர்?"

"ரெண்டு கிழமையோ, ரெண்டு மாசமோ. அது ஆருக்குத் தெரியும்?"

அவர் போனதும் சாந்தா குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த நாட்காட்டிமுன் நின்றாள். எழுபத்தாறு நாள். கிழவர் இப்போதே செத்தால் வேறு வீடு தேடவேண்டும், வேறு பேரில் பத்திரம் வரவேண்டும். இன்னொரு எட்டு மாதம் ஆனால் மார்ச் மாதத்து மூன்று வருஷக் கெடு அதற்குள் தாண்டிப்போகும். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே கதிதான். வீட்டில் நோயாளி இல்லாத வேலைக்காரிக்கு என்ன கணக்கு?

சாம்பவி மாலையில் போன் செய்தாள். "டொக்டர் என்ன சொன்னவர்?"

"தண்ணி மாத்திரையைக் கூட்டியிருக்காரு அக்கா. நல்லாக் கவனிச்சுக்கச் சொன்னாரு."

அது பொய்யும் இல்லை, உண்மையின் பாதி. மறுபாதியை அவள் விழுங்கிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் கிழவர் சாப்பாட்டை நிறுத்தினார். இத்தனை நாளும் அவர் துப்பியது விளையாட்டு. அவள் பதறுவதைப் பார்க்கிற விளையாட்டு. இது அது இல்லை. கஞ்சியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். காலையில் "எத்தினை?" என்று கேட்பதும் நின்றுபோனது.

"ஐயா, ரெண்டு வாய்."

"வேண்டாம்."

"ஒரு வாய் ஐயா."

"எனக்குப் போதும். நீ போ."

அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். நண்பகலுக்குள் ஏழு முறை. ஏழாவது முறை கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவர் தலையைத் தன் மடியில் இடுக்கிக்கொண்டு, மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்கு வாய் திறந்தது. மருந்து கொடுக்கிற ஊசிக்குழாயில் உறிஞ்சி வைத்திருந்த கஞ்சியை உள்ளே செலுத்தினாள். தாடையை அழுத்தி மூடினாள். தொண்டை ஏறி இறங்குகிற வரை கையை எடுக்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் மாத்திரை விழுங்காத பிள்ளைகளுக்குச் செய்கிற வித்தை அது. அங்கே அதைச் செய்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவாள்.

அன்றைக்கு நூறு மில்லி போனது. மறுநாள் நூற்றைம்பது. அவர் கடித்தார், பல்செட்டைக் கழற்றி வைத்தாள். கையால் தள்ளினார், கைகளைப் போர்வைக்குள் சுற்றிக் கட்டினாள். ஒரு வாரத்தில் அவர் தாடையின் இரண்டு பக்கமும் நீலம் பாரித்தது. சாம்பவி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாளென்று சாந்தா அவருக்குச் சவரம் செய்வதையே விட்டாள். நரைத்தாடி அதை மறைத்தது.

ஒருநாள் மத்தியானம் குழாயோடு வந்து உட்கார்ந்தபோது, கிழவரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் அதுவரை பார்த்திராதது.

"பிள்ளை," என்றார். இரண்டு வருஷத்தில் அவளை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பிள்ளை, என்னை விடு. இனி ஏலாது."

சாந்தாவின் கை நின்றது. ஒரு நிமிஷம் நின்றிருக்கும். வெளியே பள்ளிக்கூட பஸ் வந்து நின்று போனது.

"நவம்பர் முப்பதுக்கு அப்புறம் போங்க ஐயா," என்றாள். "அது வரைக்கும் நீங்க போகக்கூடாது."

"உனக்கு இரக்கம் இல்லையோ?"

"நீங்கதானே சொன்னீங்க, அழுகிறவங்க ஃபைலைக் கீழ வைப்பேன்னு." சொல்லும்போதே அவளுக்குள் ஒரு சுகம் ஓடியது. நெடுநாள் அரித்த இடத்தைச் சொறிந்ததைப்போல. அதற்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. மற்ற எதற்கும் ஏதாவது நியாயம் சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்தச் சுகத்துக்கு முடியவில்லை.

மூக்கைப் பிடித்தாள்.

ஒக்ரோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை காலை, கிழவருக்கு மூச்சுத் திணறியது. உதடு நீலமாகி, ஓட்டை பலூனில் காற்றடிப்பதுபோல நெஞ்சு சத்தம் போட்டது. சாந்தா அம்புலன்சைக் கூப்பிடப் போனை எடுத்தாள். ஒன்பதை அழுத்தினாள். ஒன்றை அழுத்தினாள். இன்னொரு ஒன்று பாக்கி. அம்புலன்ஸ்காரர் வந்து தூக்கிப்போனால் இனி அவர் இந்தக் கட்டிலுக்குத் திரும்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தொன்பது நாள் இருந்தது. போனை வைத்தாள். நான்கு தலையணையை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தாள், தண்ணி மாத்திரையை இரட்டிப்பாகக் கரைத்துக் கொடுத்தாள், முதுகைத் தடவிக்கொண்டே, "மூச்சு விடுங்க ஐயா, விடுங்க, விடுங்க," என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிழைத்துக்கொண்டார். அவளும் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு அவருக்குப் பேச்சு வரவில்லை. மறுநாள் சாம்பவி வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பிடி இருக்கிறியள் அப்பா?" என்றாள். கிழவர் மகளையே பார்த்தார். கையை விடுவித்து, நடுங்க நடுங்கத் தூக்கி, தன் வாயைத் தொட்டார். பிறகு சாந்தாவைக் காட்டினார். மறுபடி வாயைத் தொட்டார். தொண்டையிலிருந்து கறகறவென்று ஒரு சத்தம் வந்தது.

"என்ன சொல்லுறார்?"

"தண்ணி கேக்குறாரு அக்கா," என்றாள் சாந்தா. கரண்டியில் தண்ணீரைக் கொண்டுபோனாள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உம்மைப்போல ஆர் பாப்பினம்," என்று சாம்பவி அவள் தோளைத் தொட்டாள். "முதியோர் ஹோமிலை விட்டிருந்தா எப்பவோ போயிருப்பார்."

தியாகலிங்கம் ஒக்ரோபர் இருபத்தைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை மத்தியானம் இறந்தார். சாந்தாவின் கையில் குழாய் இருந்தது. தாடையை மூடிப் பிடித்திருந்தாள். தொண்டை ஏறியது, இறங்கவில்லை. சற்றுப் பொறுத்துத்தான் அவளுக்கு விளங்கியது. வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்தாள். முதலில் மனசில் வந்தது அவர் முகம் இல்லை, மகள் முகமும் இல்லை. முப்பத்தாறு என்ற எண்தான் வந்தது.

செத்தவீடு முடிந்து நாலாம் நாள், வீட்டை ஒழுங்குபடுத்தச் சாம்பவி தனியே வந்தாள். சாந்தா தன் இரண்டு பெட்டிகளையும் கட்டி வைத்திருந்தாள். வேலை செய்த காலத்துக்குச் சாம்பவியின் கடிதம் வேண்டும். அது இல்லாமல் இத்தனை மாதமும் வீண். எப்படிக் கேட்பதென்று நின்றுகொண்டிருந்தாள்.

சாம்பவி கட்டிலில் உட்கார்ந்தாள். "பியூனரல் ஹோமிலை அப்பாவுக்குத் தாடியை வழிச்சவை," என்றாள். "ரெண்டு பக்கமும் விரல் அடையாளம் இருந்தது."

சாந்தா பெட்டியின் வாரை இறுக்கினாள்.

"டொக்டர் அகஸ்ரினும் வந்தவர். சாப்பாட்டை வற்புறுத்த வேண்டாம் எண்டு உமக்குச் சொன்னவராமே. நீர் எனக்கு அதைச் சொல்லேல்லை."

"சொல்லல அக்கா."

"ஏன்?"

"நவம்பர் முப்பது வரைக்கும் வேணும்னு நினைச்சேன். போன தடவை பேப்பருக்கு எட்டு மாசம் ஆச்சே. இந்தத் தடவையும் ஆனா என் பொண்ணு…"

சாம்பவி மெத்தையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "அந்த எட்டு மாசமும் உம்மட்டை நான் சும்மா வேலை வாங்கினனான்," என்றாள் கடைசியில். "அது கணக்கிலை சேர்ந்திருந்தா மார்ச்சிலையே உமக்கு முடிஞ்சிருக்கும். அப்பா உம்மட்டையிருந்து தப்பியிருப்பார்."

கைப்பையிலிருந்து ஏற்கனவே தட்டச்சு செய்த கடிதத்தை எடுத்தாள். முழங்காலில் வைத்துக் கையெழுத்திட்டாள். எழுந்து, சாந்தாவின் கையில் கொடுக்காமல், கட்டிலின்மேல் வைத்தாள்.

"இனி என்ரை முகத்திலை முழியாதேயும்."

பேபி அவளுக்கு நோர்த் யோர்க்கில் இரட்டைக் குழந்தைகள் உள்ள வீடொன்றைப் பிடித்துக் கொடுத்தாள். பத்திரம் வரும்வரை சென் ஜேம்ஸ் ரவுணில், பத்தொன்பதாம் மாடியில் நாலு பெண்கள் இருந்த வீட்டில் தரையில் படுத்துக்கொண்டாள். நவம்பர் நாலாம் தேதி உறையைத் தபாலில் போட்டாள். எட்டு மாதம் என்றால் ஜூலை. கெடு மார்ச் பத்து. அழகேசனிடம் போனில் எல்லாம் முடிந்துபோனதென்றே சொல்லிவிட்டாள். "ஹரிப்ரியாகிட்ட இப்போ சொல்லாதே," என்றான்.

நவம்பர் இருபதாம் தேதி, புதன்கிழமை, கீழே தபால்பெட்டியில் அந்தப் பழுப்பு உறை கிடந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து அங்கேயே கிழித்தாள். பத்திரம். புதுப் பத்திரம். அவள் பெயர், புது வீட்டுக்காரர் பெயர், முத்திரை. பதினாறு நாள்.

லிப்டில் ஏறவில்லை. பேபி தேடிக்கொண்டு வந்தபோது தபால்பெட்டிகளுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டுதா? கர்த்தாவே!" பேபி பத்திரத்தைப் பிடுங்கி முத்தமிட்டாள். "சொன்னேன்லா, சில நேரம் சட்டுனு வந்துரும்னு. எந்திரி பிள்ளே."

"எப்படி பதினாறு நாள்ல வந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? வந்துட்டுல்லா."

"இல்ல பேபி. எப்படி?"

மேலே போனதும் அந்த நம்பருக்கு அடித்தாள். பாட்டுக் கேட்டாள். நாற்பத்தைந்து நிமிஷம் கழித்து ஒரு இளைஞன் குரல் வந்தது. ஃபைல் நம்பரைச் சொன்னாள்.

"உங்கள் அனுமதி அனுப்பப்பட்டுவிட்டது, அம்மா. கிடைக்கவில்லையா?"

"கிடைச்சுது. ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துச்சுன்னு கேக்கணும்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு, கெட்ட சிரிப்பு இல்லை. "இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை."

"போன தடவை எட்டு மாசம். அதே ஃபாரம். அதே ஆள் நான்."

"காலம் கூடும், குறையும், அம்மா. குறிப்பிட்ட காரணம் என்று ஒன்றும் இல்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

வேண்டாம் என்றாள். நல்ல நாளாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு அவன் வைத்தான்.

மிச்சம் இருந்த முப்பத்தாறு நாளையும் அந்த இரட்டைக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, தூங்கவைத்து, டிசெம்பர் முப்பத்தொன்றோடு முடித்தாள். கெடுவுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. நிரந்தர வதிவிடப் பத்திரம் ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. தொண்ணூற்றெட்டு ஆகஸ்ட்டில் அழகேசனும், பதினொரு வயது ஹரிப்ரியாவும் வந்து இறங்கினார்கள். மகள் அம்மாவை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சநேரம் ஆனது.

அழகேசனுக்கு ஊர்க்காரர்கள் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வருவார்கள். அதில் யாராவது ஒருவர் பத்திரத்துக்குக் காத்திருப்பார். "உங்களுக்கு எவ்வளவு நாள்ல வந்துச்சு அக்கா?" என்று அவளிடம் கேட்பார். அழகேசன் முந்திக்கொண்டு, "ஒரு தடவை எட்டு மாசம், இன்னொரு தடவை பதினாறே நாள். கேளுங்க கதையை!" என்று பெருமையாகத் தொடங்குவான்.

சாந்தா எழுந்து அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள், விருந்தாளிகள் போகிற வரைக்கும்.